எர்த் சரியில்லாத வண்டி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கிக்கொண்டு வருகிற நேரம் பார்த்து மாப்பிள்ளையின் வண்டி கடை வாசலில் வந்து நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. அடிக்கவும் மாட்டான். தங்கையைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் ஆகியும், மச்சான் கடைக்குள் கால் வைக்க உத்தரவு எதிர்பார்க்கிற ஆள் அவன். வண்டியை விட்டு இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தி, கையைக் கட்டிக்கொண்டு வாசலோரம் நின்றான்.

காதுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, ஆனால் அந்தத் தெருவில் யாருக்கும் அது ஞாபகமில்லை. கார்களுக்கு ஸ்டீரியோ, ஸ்பீக்கர், அலாரம் மாட்டிக் கொடுக்கிற கடை அவருடையது. எந்த வண்டியில் என்ன சத்தம் வந்தாலும் கண்ணை மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்து, இன்ன இடத்தில் இன்ன ஆணி ஆடுகிறது என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் ஆடும். அந்தத் திறமை பிறவியிலேயே வந்தது, கூட இருந்த திமிரை அவராகச் சம்பாதித்துக்கொண்டார். உலகத்தில் மற்றவர்களுக்கெல்லாம் காது என்பது கண்ணாடி மாட்டிக்கொள்வதற்காக இருக்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம்.

மாப்பிள்ளை தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். வண்டி வாங்கி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரி நர்சுகளை வீட்டிலிருந்து டியூட்டிக்கும் டியூட்டியிலிருந்து வீட்டுக்கும் ஏற்றிப்போகிற வேலை அவனுக்கு. தங்கையும் அங்கேதான் நர்ஸ், அவளும் தினம் இதே வண்டியில்தான் போய் வருகிறாள். பின்னாலிருக்கிற ஸ்பீக்கர்களில் ஓர் இரைச்சல். பாட்டு போட்டாலும் போடாவிட்டாலும் வருகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடவே ஏறுகிறது. இப்போது நர்சுகள் யாரும் பின் சீட்டில் உட்கார மாட்டேன் என்கிறார்கள். ஒருத்தி பாதி வழியில் இறங்கி பஸ் பிடித்துப் போய்விட்டாளாம். தங்கை மட்டும்தான் பிடிவாதமாகப் பின்னால் உட்காருகிறாள்.

"எர்த் சரியில்ல போல மச்சான்," என்றான் கடைசியில், வாய்க்குள்ளேயே.

காதுக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். எங்கேயோ கேட்டு வந்த வார்த்தையை வைத்துக்கொண்டு தனக்கே பாடம் எடுக்க வந்துவிட்டான் என்று தோன்றியது. சொன்னது சரியாக இருந்ததால் எரிச்சல் இன்னும் கூடியது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது மாப்பிள்ளை இல்லை. பழைய கார்கள் விற்கிற இடத்துக்கு மச்சானைக் கையோடு கூட்டிப்போயிருந்தான். காதுக்காரர் இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். கதவை ஒருமுறை சாத்தினார். கூரையை விரலால் தட்டினார். "எடு," என்றார். குனிந்து அடியில் பார்க்கவில்லை. குனிந்து பார்ப்பதெல்லாம் காது இல்லாதவர்கள் வேலை. மாப்பிள்ளை மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிட்டான். ஒருவன் தன்னை அந்த அளவுக்கு நம்பியதற்காகவே அவனை இளக்காரமாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். காதுக்காரர் அந்த ரகம்.

தங்கை முந்தின நாள் சாயங்காலம் போன் செய்திருந்தாள். வழக்கமாக அண்ணனிடம் எதையும் கேட்காதவள்.

"அண்ணா, அது மெஷின் சத்தம் இல்ல. என் பக்கத்துல யாரோ உட்கார்ந்துட்டு வர்றாங்க. பாவமா இருக்கு. வண்டிய திருப்பிக் கொடுத்துடச் சொல்லு. நீ சொன்னா அவர் கேட்பார்."

காதுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பேய்க்கும் ஷிப்ட் டியூட்டியா, அதற்கும் சேர்த்து மாப்பிள்ளை வாடகை வாங்குகிறானா என்றெல்லாம் கேட்டார். அவள் சிரிக்கவில்லை, போனையும் வைக்கவில்லை. இந்த உலகத்தில் அவர் கேலி செய்தாலும் மனசுக்குள் மட்டம் தட்டாத ஒரே ஆள் அவள்தான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளை வளர்த்ததும் படிக்க வைத்ததும் அவர்தான். போனில் அவள் ஒரு தடவை இருமினாலே நெஞ்சில் சளி எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கு ஒன்று என்றால் தாங்க மாட்டார். அதை வெளியே காட்டிக்கொள்ளவும் மாட்டார். "நாளைக்கு வண்டிய அனுப்பு, உன் பேயை ஓட்டிடறேன்," என்று சொல்லித்தான் வைத்தார்.

மாப்பிள்ளையை பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டு, தங்கை டியூட்டி முடிந்ததும் இருவரும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். வண்டியைக் கடைக்குள் ஏற்றி ஷட்டரை இழுத்துவிட்டார். சத்தம் கேட்க வேண்டுமென்றால் தெருவின் சத்தம் உள்ளே வரக்கூடாது. வெளியே மழைக்கு மூட்டம் போட்டிருந்தது. ஷட்டர் விழுந்ததும் கடைக்குள் பொழுது சாய்ந்த மாதிரி ஆகிவிட்டது.

வண்டிக்குள் சென்ட் டப்பாவின் வாசனை தூக்கலாக இருந்தது. அதற்கு அடியில் வேறொரு வாடை. நனைந்த துணியை மூட்டைகட்டி எங்கோ வைத்து மறந்துவிட்டால் வருமே, அது. முன் சீட்டில் இல்லை, பின்னால் மட்டும்தான் அடித்தது. நர்சுகளின் குடை ஈரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

சாவியைத் திருப்பினார். பின் ஸ்பீக்கர்களில் "ங்ஙீ" என்று ஒரு மெல்லிய இழுவை எழுந்தது. மிதித்தார், ஏறியது. காலை எடுத்தார், இறங்கியது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமே இல்லை. ஸ்டீரியோ முன்னால் இருக்கிறது, அது ஓரிடத்தில் வண்டியின் உடம்போடு எர்த் ஆகியிருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் பின்னால் டிக்கியில் இருக்கிறது, அது வேறோரிடத்தில் எர்த் ஆகியிருக்கிறது. இரண்டு இடமும் ஒன்றுபோல இருந்தால் சத்தம் வராது. நடுவில் துளி வித்தியாசம் இருந்தாலும், இன்ஜின் சுற்றும்போது உண்டாகிற கரண்டின் கரகரப்பு அந்த வழியாக நுழைந்து ஸ்பீக்கரில் போய் அழும். இது தெரியாமல் படித்த பெண்கள் பாதி வழியில் இறங்கி ஓடுகிறார்கள் என்று நினைக்கையில் அவருக்குச் சிரிப்பு வந்தது.

முதலில் சின்ன வேலை. ஸ்டீரியோவிலிருந்து பின்னால் போகும் ஒயரின் நடுவே ஐசோலேட்டர் என்கிற சின்னப் பெட்டியை மாட்டினார். பாட்டை விட்டுவிட்டு இரைச்சலை மட்டும் வடிகட்டுகிற பெட்டி. மாட்டி, சாவியைத் திருப்பினார்.

இழுவை சுத்தமாகப் போய்விட்டது.

அதற்கு அடியில் இருந்தது மட்டும் மிச்சமாகக் கேட்டது.

மூச்சு.

யாரோ நெடுநேரம் அழுதுவிட்டு, அழுகையை அடக்க மூச்சை உள்ளே இழுக்கிறார்கள். காதுக்காரர் தலையைச் சாய்த்தார். பழக்கம். கண்ணையும் மூடினார்.

"கொஞ்சம் நிறுத்துங்களேன்."

பெண் குரல். வயசானவள் இல்லை. கத்தவும் இல்லை. வண்டி ஓட்டுகிறவருக்குக் கோபம் வந்துவிடக்கூடாதே என்று தணித்துக் கேட்கிற குரல்.

அவர் கண்ணைத் திறந்து பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். சீட்டு காலியாக இருந்தது. ரேடியோ, என்றார் சத்தமாக. எர்த் கெட்டுப்போன ஒயர் ஏரியல் மாதிரி வேலை செய்யும், காற்றில் போகிற எதையாவது பிடித்துக்கொள்ளும், இதெல்லாம் அவர் எத்தனையோ பார்த்தாயிற்று. ஏதோ நாடகம் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதினவனுக்கு வேறு வசனம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, திரும்பத் திரும்ப அதையே சொல்ல வைத்திருக்கிறான்.

"கொஞ்சம் நிறுத்துங்களேன்."

இன்ஜினை அணைத்தார். குரல் நிற்கவில்லை. ஸ்டீரியோவை அணைத்துச் சாவியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆம்ப்ளிஃபயரின் விளக்கு அணைந்தது. குரல் நிற்கவில்லை. பானட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றி ஓரமாகப் போட்டார். இப்போது அது ஒரு தகரக் கூடு, அவ்வளவுதான். அதில் ஒரு குண்டூசி அளவுகூடக் கரண்ட் கிடையாது.

குரல் கொஞ்சம் மெலிந்தது. நிற்கவில்லை.

உள்ளே மிச்சக் கரண்ட் தேங்கியிருக்கும், வடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு போய் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தார். அந்த மிச்சம் கண்ணிமைக்கும் நேரத்தில் வடிந்துவிடக் கூடியது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். டீயை மெதுவாகவே குடித்தார். டீ ஆறிப்போய்த் தம்ளரின் அடிக்கு வந்தபோதும் அவள் அதே பணிவோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

மீட்டரை எடுத்தார். ஒரு முனையை முன் எர்த்தில் வைத்தார், இன்னொன்றைப் பின் எர்த்தில். பேட்டரி இல்லாத வண்டியில் முள் அசையக்கூடாது. அசைந்தது. மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. ஒரு கணம் நின்று மறுபடி ஏறியது. அந்த ஏற்ற இறக்கம் எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. தூங்குகிறவரின் வயிற்றில் கை வைத்தால் இப்படித்தான் ஏறி இறங்கும்.

"மட்டமான மீட்டர்," என்று அதைத் தூக்கி மேஜையில் எறிந்தார். நல்ல மீட்டர்தான். பலருடைய மீட்டர்களை அவர் கேலி செய்தது இதை வைத்துத்தான்.

பின் சீட்டைக் கழற்றி வெளியே எடுத்தார். தரைவிரிப்பை உரித்தார். அந்த ஈர வாடை முகத்தில் அறைந்தது.

அங்கேதான் பார்த்தார்.

தரையின் குறுக்கே, இந்தப் பக்கத்துக் கதவிலிருந்து அந்தப் பக்கத்துக் கதவு வரைக்கும் ஒரு தழும்பு. வெல்டிங். கோணல்மாணலாக வைத்து, மேலே கறுப்புப் பசையை அள்ளிப் பூசி மறைத்திருந்தான் எவனோ. பசையைச் சுரண்டினார். தழும்புக்கு முன்னால் தரையின் பழைய பெயின்ட் சாம்பல் நிறம். பின்னால் வெள்ளை.

இது ஒரு வண்டி இல்லை. இரண்டு வண்டி. பின்னால் அடிவாங்கிய ஒன்றின் முன்பாதியையும், முன்னால் அடிவாங்கிய இன்னொன்றின் பின்பாதியையும் வெட்டி ஒட்டி, பளபளவென்று பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். பசையும் துருவும் அடைத்துக்கொண்டதால் இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று சரியாக ஒட்டவில்லை. சத்தத்தின் காரணம் இதுதான். முன்பாதிக்கு ஓர் எர்த், பின்பாதிக்கு வேறோர் எர்த்.

முன்பக்கம் நசுங்கிப்போன ஒரு வண்டி. அதன் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்த ஒருத்தி. நிறுத்தாத ஒருவன்.

அந்த எண்ணம் வந்ததும் அதை ஈ ஓட்டுவது போல ஓட்டிவிட்டார். அதைவிடப் பெரிய கவலை வந்துவிட்டது அவருக்கு. இப்படி ஒட்டுப்போட்ட வண்டி லேசாக ஒரு இடி வாங்கினாலும் இரண்டாகப் பிரிந்துவிடும். இதில் ஆள் ஏறவே கூடாது. தங்கை தினம் ஏறுகிறாள், அதுவும் சரியாக இந்தத் தழும்பின் மேலேயே உட்காருகிறாள். மாப்பிள்ளைக்கு உடனே போன் செய்து சொல்ல வேண்டும். சொன்னால், கண்ணை மூடிக் கேட்டு "எடு" என்று சொன்ன மகானுபாவர் யார் என்ற கேள்வி வரும்.

மாப்பிள்ளை கேட்க மாட்டான். அதுதான் விவகாரமே. சண்டை போடுகிறவனாக இருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். இவன் தலையை ஆட்டி, "பரவால்ல மச்சான், யாருக்குத்தான் தப்பாகல," என்பான். அந்த அசட்டுப் பயலின் ஆறுதலை வாங்கிக்கொண்டு இந்தத் தெருவில் எப்படி நடப்பது? போனை எடுத்தவர் அதை மேஜையில் குப்புற வைத்தார். முதலில் சத்தத்தை நிறுத்துவோம், அவன் கொஞ்ச நாள் ஓட்டட்டும், பிறகு ஏதாவது காரணம் சொல்லி வேறு வண்டி மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். நல்ல மனிதர்களும் இப்படிக் கணக்குப் போடுவதுண்டு. இவர் நல்ல மனிதர்கூட இல்லை.

வைத்தியம் சுலபமானது. விரல் தடிமன் செம்பு ஒயர் ஒன்றை வெட்டினார். தழும்பின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெயின்ட்டைச் சுரண்டித் தகரத்தைப் பளபளவென்று ஆக்கினார். முன்பாதியில் ஒயரின் ஒரு முனையை வைத்து போல்ட்டை முறுக்கினார்.

குரலின் வேகம் கூடியது.

"நிறுத்துங்களேன். நிறுத்துங்க. நிறுத்துங்க."

மறுமுனையைப் பின்பாதிக்குக் கொண்டுபோனார். பணிவு போய்விட்டிருந்தது. அவருடைய மணிக்கட்டில் மயிர் சிலிர்த்து நின்றது. செம்பு தகரத்தைத் தொட்டது.

அமைதி.

தன் தொழிலில் அவருக்கு மிகவும் பிடித்தது இந்தக் கணம்தான். இரைச்சல் அடங்கியதும் வருகிற அமைதியை அவர் ரசித்துக் குடிப்பார். இன்று அந்த அமைதிக்குள் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. முன்னால், டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டு அமுங்கியது.

பழைய ஸ்பிரிங், என்றார். போல்ட்டை இறுக்கினார். தேவைக்கு மேலேயே இறுக்கினார். விரிப்பைப் போட்டு மூடி, சீட்டை மாட்டி, பேட்டரியைச் சேர்த்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபோது அது சில்லென்று இருந்தது. ஈர வாடை இப்போது முன்னால் அடித்தது. சாவியைத் திருப்பினார். ஸ்பீக்கர்கள் துடைத்துவைத்த மாதிரி சுத்தமாக இருந்தன.

பிரேக் பெடல் தானாகக் கீழே இறங்கியது. மெதுவாக, கடைசி வரைக்கும்.

அவருடைய கால் அதன் மேல் இல்லை. இன்ஜின் ஓடினால் பெடல் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், காற்றழுத்தம் என்று தனக்குத்தானே பாடம் நடத்தினார். கால் வைத்திருந்தால்தான் இறங்கும் என்ற மீதிப் பாடத்தை நடத்தவில்லை.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. தங்கையும் மாப்பிள்ளையும் நடந்து வந்தார்கள். அவள் நர்ஸ் உடையைக்கூட மாற்றவில்லை. வந்தவள் அண்ணனிடம் பேசாமல் நேரே பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்கிறவள். காதுக்காரர் அதையெல்லாம் ஒரு காதாகவே கணக்கில் எடுத்ததில்லை.

"சத்தம் போயிடுச்சுண்ணா," என்றாள்.

மாப்பிள்ளை மச்சானைக் கும்பிடாத குறையாகப் பார்த்தான்.

"ஆனா அவங்க இறங்கல," என்றாள் அவள், மெதுவாக. "முன்னாடி போயிட்டாங்க. என்ன பண்ணண்ணா நீ?"

எர்த் பண்ணினேன், உனக்குச் சொன்னால் புரியாது என்றார். அவள் இறங்கி வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது பிடிப்பாள், அதற்குப் பிறகு பிடித்ததில்லை.

"வண்டியில வேற எதுவும் இல்லையே? நீ சொன்னா நம்புறேன்."

"ஒண்ணுமில்ல. ஏறு," என்றார்.

அவள் ஏறினாள்.

தெரு முனையில் பெரிய ரோடு. லாரிகள் நிற்காமல் போகிற ரோடு. மாப்பிள்ளை வழக்கம்போல இரண்டு பக்கமும் பார்த்து, ரோடு காலியாகும் வரை காத்திருந்து, குறுக்கே எடுத்தான். காதுக்காரர் ஷட்டரைப் பூட்டக் குனிந்திருந்தார். கண்ணுக்கு முன் காதுக்குத் தெரிந்தது. இன்ஜின் கத்துகிறது, டயர் உருளவில்லை.

திரும்பினார். ரோட்டின் நட்டநடுவில் வண்டி குறுக்காக நின்றது. பிரேக் விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்தன.

ஓடினார். ஓடி எத்தனையோ வருஷமாகியிருந்தது. முன் கதவைப் பிடித்து இழுத்தார், திறக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மாப்பிள்ளையின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. இரண்டு கையாலும் தன் தொடையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தான்.

"யாரோ என் காலு மேல மிதிக்கிறாங்க மச்சான்."

பின் கதவு தொட்டதும் திறந்துகொண்டது. தங்கை நினைத்திருந்தால் எப்போதோ இறங்கியிருக்கலாம். புருஷனின் தோளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இறங்கு என்று கத்தினார். புருஷனை விட்டு இறங்க மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். தூரத்தில் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. ஈர ரோட்டில் அதனால் நிற்க முடியாது என்பது அந்த டயர்களின் சத்தத்திலேயே தெரிந்தது.

உள்ளே விழுந்து விரிப்பைக் கிழித்தார். தழும்பும் புதுச் செம்பும் வெளியே தெரிந்தன. தங்கை பார்த்துவிட்டாள். போல்ட்டைத் திருக நேரமில்லை, அதை இறுக்கியவரும் அவர்தான். சட்டைப்பையிலிருந்து கட்டரை எடுத்தார். இடது கையால் செம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வெட்டினார்.

அறுந்தது.

ஒரு முனை இடது கையில். மறுமுனை கட்டரின் பல்லில், வலது கையில். இரண்டு பாதிக்கும் நடுவே இப்போது அவர் மட்டும்தான் இருந்தார்.

ஷாக் இல்லை. ஷாக் அவருக்குப் பழக்கம். இது குளிர். முன்னாலிருந்து ஒருவர் இவரைத் தள்ளிக்கொண்டு பின்னால் போகப் பார்க்கிற மாதிரி, இடது கையில் நுழைந்து, தோளில் ஏறி, நெஞ்சுக்குள் வந்தது. வலது கை கட்டரை நழுவவிட்டது.

வண்டி துள்ளிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. லாரி பின் பம்பரை உரசிக்கொண்டு போயிற்று.

ரோட்டோரத்தில் மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளையின் கால் முழுக்க நீலம் பாய்ந்திருந்தது. தங்கை அவனுடைய காலைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த கதவு வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறம், தழும்பு, வெள்ளை நிறம்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள். "தெரிஞ்சும் ஏறச் சொல்லியிருக்க."

"பரவால்ல விடு. மச்சான் வேணும்னேவா செய்வாரு?" என்றான் மாப்பிள்ளை.

வேண்டுமென்றேதான் செய்திருந்தார். தங்கை அவரைப் பார்த்த பார்வையை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார், வாழ்நாளெல்லாம் மற்றவர்களைப் பார்த்த அவருடைய பார்வைதான் அது. அவள் புருஷனைத் தாங்கிக்கொண்டு நடந்துபோனாள்.

வண்டியைப் பழைய இரும்புக் கடைக்கு இழுத்துப்போனார்கள். காதுக்காரர் கூடவே போய் நின்று, அந்தத் தழும்பு வழியாகவே வெட்டி இரண்டாக்கி, பிறகு துண்டு துண்டாக்குகிற வரைக்கும் பார்த்தார். தொல்லை ஒழிந்தது என்று தோன்றியது. தங்கை போன் எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை வாசலில் வந்து, அவள் தூங்குவதாகச் சொன்னான். பொய் சொல்லவும் தெரியவில்லை அவனுக்கு.

ஒருநாள் வாடிக்கைக்காரர் ஒருவர் புது ஆம்ப்ளிஃபயர் கொண்டுவந்தார். அதற்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க எல்லாக் கடைகளிலும் ஒரு வழி உண்டு. பாட்டு நுழைகிற ஓட்டையில் விரலை வைத்தால், மனித உடம்பே ஏரியல் ஆகி, ஸ்பீக்கர் "புர்ர்" என்று உறுமும். காதுக்காரர் விரலை வைத்தார்.

உறுமவில்லை.

"கொஞ்சம் நிறுத்துங்களேன்."

விரலை எடுத்தார். நின்றது. வைத்தார்.

"கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"என்ன அண்ணே, ரேடியோ பிடிக்குதா?" என்று கேட்டார் வாடிக்கைக்காரர்.

"ஆமா. ரேடியோ," என்றார் காதுக்காரர். அன்றிலிருந்து ரப்பர் கையுறை இல்லாமல் அவர் எந்த ஒயரையும் தொடுவதில்லை. கையுறை போட்டுக்கொண்டு ஸ்பீக்கர் மாட்டுகிறவரைப் பார்த்துத் தெரு சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார், சிரிக்கிறவர்களைத் திட்டக்கூட மனசு வரவில்லை.

வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் தங்கையின் போன் வந்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எடுத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தார்.

"அண்ணா," என்றாள். பிறகு பேச்சு நின்றது. அவள் காது கொடுப்பது இவருக்குத் தெரிந்தது.

"யார் கூட இருக்க?"

"யாருமில்ல. கடையில தனியாத்தான் இருக்கேன்."

"இல்லண்ணா. யாரோ பேசுறாங்க."

ரேடியோ என்று சொல்ல வந்ததை விழுங்கினார். உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தார். அதற்குள் அவள் பேச ஆரம்பித்திருந்தாள், நோயாளியின் தலைமாட்டில் குனிந்து கேட்கிற குரலில். அவரிடம் இல்லை.

"சொல்லுங்கம்மா. வண்டி நின்னுடுச்சு. இப்போ சொல்லுங்க, நான் கேட்டுட்டுதான் இருக்கேன்."

காதுக்காரரின் இடது கை, போனைப் பிடித்திருந்த கை, தோள் வரைக்கும் சில்லிட்டது. அவர் கண்ணை மூடினார். தலையைச் சாய்த்தார். இருக்கிற சக்தியையெல்லாம் திரட்டிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

ஒன்றும் கேட்கவில்லை.

"ம்," என்றாள் தங்கை. கொஞ்சம் பொறுத்து மறுபடி, "ம்." அப்புறம் அவளுடைய மூச்சு கனத்தது. அழுகிறாள்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். யாரிடமும் அவர் அப்படிக் கேட்டதே கிடையாது.

"நீ பேசாதண்ணா," என்றாள். "போனை மட்டும் விட்டுடாத. அப்படியே பிடிச்சுக்க. அவங்க இன்னும் முடிக்கல."